கோழிக்கு இறகு கொட்டுது, முட்டையும் கொறைஞ்சு போச்சா? எங்க பக்கத்து கால்நடை மருந்தகத்தைப் பத்தி ஒரு ரிவ்யூ

வீட்டுக்கோழியப் போயி யாராச்சும் டாக்டர்கிட்ட காட்டுவாங்களான்னு நெனைக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேனுங்க. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவால, எங்க தோட்டத்துக்குப் பக்கத்து ஊர்ல ஒரு அரசு கால்நடை மருந்தகம் இருக்குது. மாட்டுக்கு சினை ஊசி போடறதுக்கும் ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல்னாலும்தான் ஜனங்க அங்க போவாங்க. ஆனா அங்க இருக்கற டாக்டரம்மா ஒரு கோழிய எடுத்து எப்படிப் பாக்கறாங்கன்னு நேர்ல பாத்தப்பொறம் இதை எழுதாம இருக்க முடியல. அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுக்கலாமுங்க.

எங்க வீட்டுக்குப் பின்னால பொடக்காளில சிறுவிடை, பெருவிடைன்னு ரெண்டு ரக நாட்டுக்கோழியும் கலந்து சின்னதா ஒரு கூட்டம் கெடக்குது. ஐப்பசி மழை விட்டு கார்த்திகை வாக்குல ஒண்ணொண்ணா இறகு கொட்ட ஆரம்பிச்சுது, ஒண்ணுக்கு கழுத்து மொட்டை, ஒண்ணுக்கு முதுகு மொட்டை, இன்னொண்ணுக்கு நெஞ்சுக்கு அடில தோல் செவசெவன்னு தெரியுது, முட்டையும் நல்லா கொறைஞ்சு போச்சு. மருந்துக்கடைல போயி சொன்னா கோழி என்ன வயசு, எங்க கொட்டுதுன்னு ஒரு வார்த்தை கேக்காம கால்சியம் டானிக்கு ஒண்ணு, விட்டமின் பொடி ஒண்ணுன்னு கவர்ல போட்டுக் குடுத்துட்டாங்க. ஊத்தி ஊத்திப் பாத்தும் ஒரு மாத்தமும் இல்ல. எங்க அத்தை யாரோ கண்ணு வெச்சுட்டாங்கன்னு மொளகா சுத்திப் போட்டாங்க.

டாக்டரம்மாகிட்ட போனதும் அவங்க மொதல்ல கேட்டது, "ஏனுங்க்கா, கோழி முட்டையே வெக்கலையா, இல்ல வெச்ச முட்டை உங்களுக்குக் கெடைக்கலையா?" அவுத்து விட்ட கோழி சோளத்தட்டுப் போருக்குள்ள, வேலிப்பொதருக்குள்ள ஒளிச்சு வெக்கும், கீரி, பாம்பு, ஏன் காக்காகூடத் தூக்கிட்டுப் போகும், அதனால ரெண்டு மூணு நாள் காலைல கொஞ்ச நேரம் கூண்டுலயே அடைச்சு வெச்சுப் பாத்துட்டு வாங்கன்னாங்க. வரும்போது கோழிய மட்டும் கொண்டாராம சாவல், கீழ உழுந்த இறகு, அன்னிக்குக் காலைல போட்ட எச்சம், போடற தீவனத்துல ஒரு கைப்பிடி எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கன்னு சொன்னாங்க. எனக்கு அப்பவே நம்பிக்கை வந்துருச்சு.

மறுக்கா போனப்ப ஒவ்வொரு கோழியா மடில வெச்சுப் பாத்தாங்க. கொண்டை நல்லா செவந்து வெதுவெதுன்னு இருக்குதா, இல்ல சுருங்கி வெளுத்திருக்குதா. அப்புறம் வாலைத் தூக்கி மலவாய்க்கு ரெண்டு பக்கமும் இருக்கற கூரான எலும்பைத் தொட்டுக் காட்டுனாங்க. முட்டை வெக்கற கோழின்னா அந்த ரெண்டு எலும்புக்கு நடுவுல ரெண்டு வெரல், சில கோழிக்கு மூணு வெரல்கூடப் போகும், மலவாயும் ஈரமா அகலமா இருக்கும். வெக்காததுக்கு ஒரு வெரல்தான் போகும், காஞ்சு சுருங்கிக் கெடக்கும். என் கையவே புடிச்சு வெச்சுப் பாக்கச் சொன்னாங்க. இப்பல்லாம் சாயங்காலம் கூண்டுல அடைக்கறப்ப நானே பாத்துக்கறேன், எது வெக்குது எது சும்மா திங்குதுன்னு தெரிஞ்சு போகுது.

இனி முக்கியமான விசயம். ஒரே கூண்டுல ஒரே மாசத்துல கொட்டுனாலும் ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற வேறயாம். எங்க கொட்டிருக்குதுங்கறதுலயே பாதி பதில் இருக்குதுன்னாங்க.

கழுத்து மொட்டையான பெட்டைக்கு சீக்கே இல்லீங்க, அது இறகு மாத்துது. வயசு ஒண்ணரைக்கு மேல ஆன கோழி, வெளிச்சம் கொறையற காலத்துல வருசத்துக்கு ஒருக்கா பழைய இறகை உதுத்துட்டு புதுசு போடும். தலைல ஆரம்பிச்சு கழுத்து, நெஞ்சு, முதுகு, அப்புறம் றெக்கை, வாலுன்னு வரிசையா போகும். இறகு முழுக்க புரதம்தான், அதனால ஒடம்புல இருக்கற சத்தெல்லாம் இறகுக்கே போயிரும், முட்டை நின்னு போகும். ரெண்டு மூணு மாசத்துல தானா சரியாயிரும். தோலைத் தடவுனா ஊசி ஊசியா முளை தட்டுப்படுது பாருங்க, அதுக்குள்ள ரத்தம் ஓடிட்டு இருக்கும், அழுத்திப் புடிச்சா கோழிக்கு வலிக்கும், அதனால இப்ப அடிக்கடி புடிக்காதீங்கன்னு அவங்க சொன்னப்ப அத்தையும் பக்கத்துல நின்னு தடவிப் பாத்தாங்க.

முதுகு மொட்டைக்குக் காரணம் சாவல். மிதிக்கறப்ப கால் நகமும் காலுக்குப் பின்னால இருக்கற முள்ளும் பட்டு முதுகுலயும் பின்னந்தலைலயும் இறகு ஒடிஞ்சு போகுது. நான் கொண்டு போனதுல இந்தக் கோழியோட இறகெல்லாம் அடியோட உழுந்ததில்ல, நடுவுல முறிஞ்சது. அடியோட புடுங்குன இறகு சில வாரத்துல மொளைச்சுரும், ஆனா முறிஞ்ச இறகோட அடிக்காம்பு தோலுக்குள்ளயே இருக்கறதால அடுத்த இறகு மாத்தற வரைக்கும் அந்த எடம் மொட்டையாத்தான் இருக்கும்னாங்க. இது எனக்குப் புது விசயம். எட்டுப் பத்து பெட்டைக்கு ஒரு சாவல் போதும், எங்ககிட்ட ரெண்டு இருந்துச்சு, ஒண்ணை ஒறம்பரை வீட்டுக்குக் குடுத்துட்டோம், இன்னொண்ணுக்கு முள்ளு நுனிய மழுக்கி விட்டாச்சு.

நெஞ்சு செவந்தது அடைக்கோழி. குஞ்சு பொரிக்க உக்காரறப்ப ஒடம்புச்சூடு நேரா முட்டைல படணும்னு தானே நெஞ்சு இறகைப் புடுங்கிக்கும். அடைல இருக்கற கோழி முட்டை வெக்காது. குஞ்சு வேணும்னா முட்டை வெச்சு விடுங்க, 21 நாள்ல பொரிச்சுரும். வேண்டாம்னா அடில காத்து போற மாதிரி கம்பிக்கூண்டுல தீனி தண்ணியோட சில நாள் தனியா விடுங்க, மூக்குல இறகைக் குத்தி விடறதெல்லாம் பண்ணாதீங்கன்னு கண்டிப்பா சொன்னாங்க. எங்க ஊர்ல இன்னும் அதைப் பண்றவங்க இருக்காங்க, பாவமா இருக்கும், தயவு பண்ணி விட்டுருங்க.

நாலாவது கோழிகிட்ட வந்தப்பதான் அவங்க மொகம் மாறுச்சு. மலவாயச் சுத்தி இறகை வெலக்கிக் காட்டுனாங்க, இறகோட அடிக்காம்புல ரவையைக் கொழைச்சு அப்புன மாதிரி வெள்ளையா கட்டி கட்டியா ஒட்டியிருக்குது, மஞ்சளா சின்னச் சின்னப் பூச்சி தோல்மேல ஓடுது. பேனு. அந்த வெள்ளைக் கட்டியெல்லாம் அதோட முட்டை. பேன் கோழிமேலயே இருக்கறதால பகல்ல கண்ணுக்குத் தெரியும், ஆனா ராத்திரி மட்டும் வந்து ரத்தம் குடிச்சுட்டு பகல்ல கூண்டு இடுக்குல ஒளிஞ்சுக்கற செள்ளும் இருக்குதாம், அது பகல்ல கோழிமேல எத்தனை தேடுனாலும் கண்ணுல படாது. ராத்திரி டார்ச் அடிச்சு கோழி உக்காரற கட்டைல ஒரு வெள்ளைத் துணிய வெச்சுத் தேச்சுப் பாருங்க, செவப்பா கறை புடிச்சா செள்ளு இருக்குதுன்னு அர்த்தம். ரத்தம் போயி கொண்டை வெளுத்துருச்சுன்னா முட்டை எப்படி வெக்கும்?

வைத்தியமும் தெளிவா சொன்னாங்க. ஒரு கோழிக்குப் பேன் இருந்தா கூட்டம் மொத்தத்துக்கும் பண்ணணும், கூண்டுக்கும் பண்ணணும். மருந்தை இந்த அளவு தண்ணிக்கு இத்தனைன்னு சீட்டுல எழுதிக் குடுத்தாங்க, பேன் முட்டைய மருந்து கொல்லாது, அதனால பத்து நாள் கழிச்சு மறுக்காவும் போடணும். அந்த நாள்ல முட்டைய எப்ப வரைக்கும் திங்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க. வெள்ளாமைக்கு அடிக்கற பூச்சி மருந்தைக் கோழிமேல தெளிக்கறாங்க பாருங்க, அது கோழியையும் கொல்லும், முட்டை திங்கற கொழந்தைக்கும் ஆகாது. கோழி அடைக்கற குடாப்பை வெந்நி ஊத்தி வெயில்ல காய வெச்சோம், சுவத்து இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சோம், மண்ணோட அடுப்புச் சாம்பலைக் கலந்து குழில கொட்டி விட்டோம், கோழி அதுல பொரண்டு தானே சுத்தம் பண்ணிக்குது.

தீவனத்தைப் பாத்துட்டு கொஞ்சம் சத்தமே போட்டாங்க. நாங்க போட்டது மக்காச்சோளமும் கம்பும் குருணையும், எல்லாம் மாவுச்சத்து. முட்டைக்கோழிக்கு 16ல இருந்து 18 சதவீதம் புரதம் வேணும், சுண்ணாம்புச்சத்து மூணரைல இருந்து நாலு சதவீதம் வேணும், ஒரு முட்டை ஓட்டுக்கே 2 கிராம் கால்சியம் போகுதாம். புரதமும் உப்பும் பத்தலைன்னா, எடமும் நெருக்கடியா இருந்தா, கோழி ஒண்ணை ஒண்ணு கொத்தி வால்கிட்ட இறகைப் புடுங்கித் திங்கும். பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணைல மீந்த தீவனம் சல்லிசாக் கெடைக்குதுன்னு வாங்கிப் போடறவங்க கவனிங்க, அதுல கால்சியம் ஒரு சதவீதம்தான் சுமாரா இருக்கும், முட்டை ஓடு கெட்டியில்லாம தோல் முட்டையா வரும். இப்ப முட்டைக்கோழிக்குன்னு விக்கற லேயர் தீவனம் பாதி, மேய்ச்சல் பாதி, தனியா ஒரு தட்டத்துல கிளிஞ்சல். பூசணம் புடிச்ச கடலைப்புண்ணாக்கு வேண்டவே வேண்டாமுங்க, அதுல இருக்கற நஞ்சு ஈரலைக் கெடுத்து முட்டையக் கொறைச்சுரும்.

எச்சத்துல குடல்புழு இருந்துச்சு, அதுக்கும் மருந்து குடுத்தாங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா குடுக்கணும். திடீர்னு மொத்தக் கூட்டமும் முட்டைய நிறுத்தி, பச்சையா வெள்ளையா கழிஞ்சு, கழுத்து முறுக்கிக்கிச்சுன்னா அது வெள்ளைக்கழிச்சல், நேரம் கடத்தாம ஓடியாங்கன்னாங்க. செத்த கோழிய வாய்க்கால்ல எறியாம சுண்ணாம்பு போட்டு ஆழமா பொதைக்கணும். பிப்ரவரில நடக்கற தடுப்பூசி முகாம்ல இலவசமாப் போடறாங்க, வருசா வருசம் போட்டுக்கங்க.

ஒரு ஸ்டார் ஏன் கொறைச்சேன்னா, காலைல மாட்டுக் கூட்டம் எச்சு. கோழி வெச்சிருக்கறவங்களைக் கடைசிலதான் கூப்படறாங்க, அதுவும் வெயில்ல சாக்குல கட்டுன கோழியோட நிக்கறது கஷ்டம், மரத்தடில நெழல் இருக்குது ஆனா உக்கார எடமில்ல. கோழி மருந்துல பாதிக்கு மேல வெளிய எழுதித்தான் குடுத்தாங்க. ஆனா பாத்ததுக்கு எங்ககிட்ட ஒரு பைசா வாங்கல.

போறதா இருந்தா மாட்டுக்கூட்டம் கலைஞ்சப்பொறம் போங்க, கோழிய காத்து போற கூடைல வெச்சுட்டுப் போங்க. பேன் புடிச்ச கோழி இப்ப கொண்டை செவந்து மறுபடியும் முட்டை வெக்குது, கழுத்து மொட்டைக்கு இறகு பாதி வந்தாச்சு. தூரத்துல இருக்கறவங்க 1962க்குப் போன் பண்ணி நடமாடும் கால்நடை வண்டி உங்க பக்கம் எப்ப வருதுன்னு கேட்டுக்கலாமுங்க.