மரியாதை என்ற ஒரு வரியா, பெயர் சொல்லும் பட்டியலா: தமிழ்க் குழுவுக்கு எந்த நடத்தை விதி?

சிங்கப்பூரில் கட்டற்ற மென்பொருள்களை (யாரும் எடுத்து, மாற்றி, பகிரக்கூடியவை) தமிழாக்கும் ஒரு தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். பேச்சு டெலிகிராமில், வேலை கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில். ஆட்கள் கூடக் கூட நடத்தை விதி ஒன்று தேவைப்பட்டது. மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பாலினத்தைப் பற்றி என்ன எழுதுவது என்பதில்தான் நின்றோம்.

எங்கள் முன் மூன்று வழிகள். முதலாவது, "எல்லாரையும் மரியாதையாக நடத்துங்கள்" என்று ஒற்றை வரி. இரண்டாவது, பல மென்பொருள் குழுக்கள் எடுத்தாளும் கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற நடத்தை விதி மாதிரி, எந்தெந்த அடையாளத்துக்காக யாரையும் தாழ்த்தக்கூடாது, எந்தெந்தச் செயல் கூடாது என்று பெயர் சொல்லும் பட்டியல். மூன்றாவது, ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளம் 2019இல் கொண்டுவந்தது போல, ஒருவர் தனக்கென்று சொன்ன பிரதிப்பெயரை (ஆங்கிலத்தில் he, she, they போன்ற சொல்) மற்றவர்கள் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். அதில் ஒரு பத்தியை மட்டும் தமிழுக்கு ஏற்றபடி நாங்களே எழுதிச் சேர்த்தோம்.

ஒற்றை வரியை எல்லாரும் படிப்பார்கள், பட்டியலைப் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். இது பார்த்தாலே தெரிகிற விஷயம். எனக்குத் தீர்மானமாக இருந்தது வேறொன்று: புகார் வரும் நாளில் அட்மின் கையில் என்ன இருக்கிறது?

ஒரு நிலைமையை யோசித்துப் பாருங்கள். குழுவில் ஒரு திருநங்கை இருக்கிறார். தன்னைப் பெயர் சொல்லி அழைத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவர் விடாமல் "தம்பி, தம்பி" என்கிறார். ஒற்றை வரி விதியோடு அட்மின் போய்க் கேட்டால், "தம்பி என்பதில் என்ன மரியாதைக் குறைவு? பாசமாகத்தானே சொன்னேன்" என்று பதில் வரும். அந்தச் சொல்லில் பாசம் இருப்பது உண்மைதான், அதனாலேயே வாதம் முடியாது. மரியாதை என்றால் என்ன என்று குழுவே உட்கார்ந்து பேசும். தனக்கு ஏன் வலிக்கிறது என்பதைப் புகார் சொன்னவர் நூறு பேர் முன்னால் விளக்க வேண்டியிருக்கும், தன் வாழ்க்கைக் கதையையே சாட்சியாக வைத்து. அடுத்த புகாருக்கு அடுத்தவர் இதையே முதலிலிருந்து செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் அதற்குத் துணியாமல், ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டுப் போய்விடுவார்கள். புகாரே வரவில்லை, ஆகவே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

பட்டியல் இருந்தால் அட்மின் தனிச்செய்தியில் இரண்டு வரி எழுதினால் போதும்: "ஒருவர் வேண்டாம் என்று சொன்ன அழைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது என்று விதியில் இருக்கிறது. தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்." யாருடைய மனதையும் அளக்க வேண்டியதில்லை, செய்கையைச் சுட்டினால் போதும். எல்லாரும் வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் வரும் தன்னார்வலர்கள். நடத்தை விதியின் பராமரிப்புச் செலவு அவர்களுடைய அந்த இரவுகள்தான். அந்தச் செலவு எதில் குறைவோ அதுவே நல்ல விதி என்பது என் கணக்கு.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை எழுதும் குழுவும் இந்த வழியாகத்தான் வந்தது. 2015இல் அவர்கள் வைத்திருந்த விதி மிகச் சுருக்கம். யாருக்காவது சங்கடம் நேர்ந்தால் அது ஏற்கத்தக்கதல்ல, இன்னாரிடம் சொல்லுங்கள் என்றது. எவையெல்லாம் கூடாத செயல்கள் என்று பட்டியலிடவில்லை. 2018 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு கான்ட்ரிபியூட்டர் கவனன்டை ஒட்டிய விதிக்கு மாறினார்கள். மென்பொருளாளர் கோரலைன் ஏடா எம்கி 2014இல் தொடங்கிய ஆவணம் அது. பாலின அடையாளம், அதை வெளிப்படுத்தும் விதம் இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2021இல் வந்த 2.1 பதிப்பு சாதியையும் பட்டியலில் சேர்த்தது. தமிழர் குழுவுக்கு அந்த ஒரு சொல்லுக்காகவே அதை எடுக்கலாம் என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் முறையைப் பின்பற்றி, திருத்தச் சொல்வது, எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என்று நான்கு படிகளும் கூடவே வருகின்றன. முதல் தவறுக்கே ஆளை வெளியேற்றிவிடுவார்களோ என்ற பயம் அந்தப் படிகளைப் பார்த்ததும் போய்விடுகிறது.

க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக அதன் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 2018இல் வெளியிட்ட கனிவான உரையாடல் வழிகாட்டியையும் படித்தோம். பாலின அடையாளத்தை மதிக்கச் சொல்கிறது, எந்தச் சொல்லால் மதிப்பது என்பதை அவரவரிடம் விடுகிறது. தொனி அருமை. ஆனால் அது வழிகாட்டி, விதி அல்ல. கேட்காதவரை என்ன செய்வது என்பதற்கு அதில் வழியில்லை.

இனி மூன்றாவது வழி. ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் நடந்தது எனக்குப் பெரிய எச்சரிக்கை. சங்கடம் காரணமாக ஒருவருடைய பிரதிப்பெயரை வேண்டுமென்றே தவிர்த்து எழுதுவதும் மீறல்தான் என்று விளக்கம் கொடுத்தார்கள். பதிவுகளைக் கண்காணிக்கும் தன்னார்வ மட்டுறுத்துநர்கள் பலர் விலகினார்கள். அந்த விதிக்குப் பின்னால் இருந்த அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒருவர் சொல்லாமல் விட்டதை வைத்து அவர் நோக்கத்தைக் கண்டுபிடிக்கும் வேலை அட்மின் தலையில் விழுகிறது. அது முடிவில்லாத வேலை.

தமிழில் இந்தச் சண்டைக்கு அவ்வளவு தேவையும் இல்லை. நாம் எழுதும்போது "அவர் சொன்னார்", பேசும்போது "அவங்க சொன்னாங்க". இரண்டிலும் ஆண், பெண் பேதம் கிடையாது. பழைய இலக்கணத்திலும் இதற்கு இடமிருக்கிறது: ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பாலிலும், பெண்மை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பாலிலும் வைக்கச் சொல்கிறது நன்னூல். நம்மிடம் பாலினம் அதிகமாக வெளிப்படுவது முறைப்பெயர்களில்தான். அண்ணே, அக்கா, தம்பி, ஆன்ட்டி, அங்கிள் இல்லாமல் சிங்கப்பூரில் ஒரு தமிழ் உரையாடல் நடக்குமா? ஆங்கில வார்ப்பை அப்படியே மொழிபெயர்த்தால் இந்த இடம் விட்டுப்போகும்.

அதனால் நாங்கள் சேர்த்த பத்தி இப்படிப் போகிறது. யாரைப் பற்றி எழுதினாலும் முதலில் "அவர்". தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அதற்கு மாறான பாலினச் சொல் கூடாது. முறைப்பெயரை யாரும் யாருக்கும் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை, பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒருவருடைய பழைய பெயரையோ பழைய படத்தையோ வெளியிடுவது நேரடியாகத் தற்காலிகத் தடைக்குப் போகும்.

கடைசி வாசகம் கடுமை என்று சிலர் சொன்னார்கள். இந்த ஊருக்கு அது வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2022 நவம்பரில் ஒப்புதல் தந்தது, 2023 ஜனவரியில் நீக்கம் நடப்புக்கு வந்தது. ஆனால் 2025இல் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் பாதுகாக்கும் தன்மைகளில் இனம், சமயம், வயது, உடற்குறை எல்லாம் உண்டு, பாலின அடையாளம் இல்லை. இங்கே தமிழ்ச் சமூகம் சின்னது. குழுவில் ஒருவர் போட்ட படம் மறுநாள் மாமா வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதன் விளைவைத் தாங்கப்போவது படம் போட்டவர் அல்ல.

சமய நம்பிக்கை காரணமாகத் தயங்கியவர்களும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள், நல்ல உழைப்பாளிகள். அவர்களுக்கு நான் சொன்னது: விதி உங்கள் நம்பிக்கையைக் கேட்கவில்லை. பெயரும் "அவர்"உம் போதும். இது தளர்வு என்று சொல்பவர்களுக்கும் நியாயம் உண்டு. மற்ற பெண்களையெல்லாம் அக்கா என்று கூப்பிட்டுவிட்டு ஒருவரை மட்டும் பெயரோடு நிறுத்தினால் அது அவருக்குத் தெரியாமல் போகாது. ஆனால் உறவுச்சொல்லை விதி போட்டு வாங்கித் தர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் ஒரு சிறிய குழுவின் அனுபவம். புகார்கள் குறைவாகவே வந்தன, அவையும் முதல் இரண்டு படிகளிலேயே முடிந்தன. ஆயிரக்கணக்கானோர் இருக்கும் குழுவில் இது தாங்குமா என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆண், பெண் இரண்டிலும் சேராதவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட உறுப்பினர் இதுவரை எங்களிடம் இல்லை. "அவர்" அவருக்குப் போதுமா என்பதை அவர் வந்து சொல்ல வேண்டும்.

பட்டியலை எடுப்பவர்களுக்கு ஒன்று. கான்ட்ரிபியூட்டர் கவனன்டில் புகார் அனுப்பும் முகவரிக்கு வெற்றிடம் விட்டிருப்பார்கள், அதை நிரப்பாமலே ஒட்டிவிடும் குழுக்கள் உண்டு. அங்கே குறைந்தது இரண்டு பேரைப் போடுங்கள். அவர்களில் ஒருவர் மீதே புகார் வந்தால் மற்றவர் மட்டும் பார்க்க வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.