சிப்ஸ் எண்ணெயில் ஓடும் ஜீப்: நாலு வருஷ அனுபவமும் ஹீட் ஆன கதையும்

குமரி மாவட்டத்தில் கடையாலுமூடு தாண்டி ஆறுகாணி ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு வந்தால் போதும், ஜீப்பின் ஹீட் மீட்டர் முள் மேலே போகும். பாதி வழியில் சிவப்பைத் தொடும். வண்டியை ஓரங்கட்டி பானட்டைத் திறப்பதற்குள் தானாகவே கீழே விழும். அஞ்சு நிமிஷம் கழித்து மறுபடி ஏறும். முதல் மழைக்காலம் முழுக்க எனக்கு இதுதான் பிழைப்பு.

வண்டி பழைய ஜீப். 2112 சிசி பெஜோ டீசல் இன்ஜின், ப்ரீசேம்பர் வகை, அதாவது டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் பற்றி, பிறகு சிலிண்டருக்கு வரும். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்றி இறக்கத்தான் வைத்திருக்கிறேன். எரிபொருள், மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் பொரித்துக் கழித்த தேங்காய் எண்ணெய். இரண்டு டேங்க். டீசலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் திரும்ப டீசலுக்கு வந்துவிட வேண்டும். பைப்பில் எண்ணெய் தங்கினால் மறுநாள் காலை வண்டி கிளம்பாது.

சாதாரணச் சூட்டில் சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. 70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் இன்ஜெக்டர் அதை ஒழுங்காகப் பீச்சும். அதற்காக ரேடியேட்டர் தண்ணீரில் ஒரு கிளை எடுத்து, எண்ணெய் லைன் நடுவில் வைத்த டப்பா வழியாகச் சுற்ற விட்டிருந்தேன். ஹீட்டர் டப்பா என்று பெயர் வைத்துக்கொண்டோம். வினை அந்த டப்பாவில்தான் இருந்தது. ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் எண்ணெயைத்தான் திட்டினார்கள். "கண்டதையும் ஊத்தி ஓட்டினா வண்டி கொதிக்காம என்ன செய்யும்?" எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்தேன். ஃபேன் பெல்ட் மாற்றினேன். வாட்டர் பம்ப் புதுசு போட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் தண்ணீரை வடித்துத் திரும்ப ஊற்றினோம், ஊற்றிய மறுநாள் முன்னைவிட மோசமாகச் சூடானது. அந்தத் துப்பு கண்முன்னால் கிடந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. நடுவில் ஒரு மெக்கானிக், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றித் தூரப் போட்டார். நம் ஊரில் ஹீட் என்றாலே முதல் வைத்தியம் இதுதானே. அது இல்லாமல் சமவெளியில் இன்ஜின் 60 டிகிரியைத் தாண்டவில்லை. அந்தச் சூட்டில் எண்ணெய் போதுமான அளவு இளகவும் இல்லை, முழுசாக எரியவும் இல்லை. பின்னால் வந்த பைக்காரர்கள் புகையில் என்னை வாழ்த்திக்கொண்டே போனார்கள்.

கடைசியில் குலசேகரத்தில் ஒரு வயசான மேஸ்திரியிடம் போனேன். பானட்டைத் திறக்கக்கூட இல்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"லே மக்கா, எண்ணெயில ஓட்டும்போ ஹீட் ஆவுது, செரி. வெறும் டீசல்ல அதே ஏற்றம் ஏறிப் பாத்தியா?"

பார்த்ததில்லை. மறுநாள் அதே சுமையோடு டீசலில் மட்டும் ஏறினேன். அதே வளைவில் முள் ஏறியது.

"அப்போ எண்ணெய விடு. வெள்ளம் எங்கன நிக்குதுன்னு பாரு" (எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர்) என்றவர், ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் ஹீட்டர் டப்பாவின் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே போகிற ஹோஸில் கை வைக்க முடியவில்லை. வெளியே வருகிற ஹோஸ் ஆற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. டப்பாவை நான் டேஷ்போர்டுக்கு முன்னால் உள்ள தகட்டில், ரேடியேட்டர் மூடியைவிட நாலு விரல் உயரத்தில் முடுக்கியிருந்தேன். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் காற்று அங்கே போய் அடைந்திருக்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் வேகமெடுக்க, பம்ப் அந்தக் காற்றை இழுத்து இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்குள் தள்ளியிருக்கிறது. முள் திடீரென விழுந்ததை இன்ஜின் ஆறிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தேன். சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் காற்று நின்றாலும் முள் விழும். அந்த நேரத்தில்தான் ஹெட் வெந்துகொண்டிருக்கும். ஹெட் கேஸ்கட் போகாமல் தப்பியது என் ஜாதக பலன்.

டப்பாவை ஒரு சாண் கீழே இறக்கினோம். அதன் தலையில் காற்று விடுகிற ஸ்க்ரூ ஒன்று வைத்தோம். முக்கால் இஞ்ச் ஹோஸை அரை இஞ்சாக்கினோம். கிளை பெரிதாக இருந்தால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் பம்புக்கே திரும்பிவிடும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் திரும்ப வந்தது. பிறகு, இன்ஜின் ஆறியிருக்கும்போதே, மூக்கு மேலே பார்க்கிற மாதிரி வண்டியைச் சரிவில் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தோம். மேஸ்திரி ஹோஸைப் பசு மடியைப் போலக் கறந்துகொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமில்லை. தெர்மோஸ்டாட் திறந்ததும் 'களுக் களுக்' என்று குமிழி வந்து தண்ணீர் மடமடவென இறங்கியது. ஊற்ற ஊற்றக் குடித்தது, இரண்டேகால் லிட்டர். அவ்வளவு காற்றோடுதான் ஒரு மழைக்காலம் ஓட்டியிருக்கிறேன்.

ஒன்றரை வருஷம் முள் நடுவிலேயே நின்றது. அப்புறம் மறுபடி ஹீட். இந்தத் தடவை குணம் வேறு. மெதுவாக ஏறும், விழாது, இழுவையும் குறைவு. அதே பரீட்சையை வைத்தேன். டீசலில் ஏறினால் பிரச்சினையே இல்லை. ஆக, இப்போது குற்றவாளி எண்ணெய்.

இன்ஜெக்டர்களைக் கழற்றி பம்ப் கடையில் டெஸ்ட் பெஞ்சில் வைத்தார்கள். புகை மாதிரி தூவ வேண்டிய நாசில் இரண்டு, குழாய்த் தண்ணீர் மாதிரி ஒழுகின. முனையில் கருப்புக் கட்டி. சொட்டுச் சொட்டாக விழும் எண்ணெய் நேரத்துக்கு எரியாது. தாமதமாக எரிந்து, அந்தச் சூடு ஹெட்டிலும் சைலன்சரிலும்தான் இறங்கும். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டிய மாதங்களுக்கு இதில் பங்கு உண்டு. மீதிப் பங்கு எங்கே என்று சிப்ஸ் கடையில் அடுப்பு பக்கம் நின்றபோதுதான் புரிந்தது. காய் பாதி வெந்ததும் மாஸ்டர் ஒரு கரண்டி உப்பு மஞ்சள் தண்ணீரைக் கொதிக்கிற எண்ணெயிலேயே ஊற்றுகிறார். சடசடவென்று பொங்கி அடங்குகிறது. சுவைக்கு அதுதான் ரகசியம், இன்ஜெக்டருக்கு அதுவே விஷம். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியதைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த எண்ணெயில் யாரும் உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள்.

இப்போது எண்ணெயை இரும்பு டிரம்மில், வீட்டுக்கு வெளியே, சடசடப்பு முழுக்க நிற்கும் வரை சூடாக்குகிறேன். தண்ணீர் போனால் உப்பு அடியில் தங்கிவிடும். ஒரு வாரம் தெளியவிட்டு, மேல் எண்ணெயை மட்டும் துணியிலும் பிறகு 5 மைக்ரான் ஃபில்டரிலும் வடிக்கிறேன். டேங்குக்குள் போட்டிருந்த செம்புக் குழாயையும் எடுத்துவிட்டு ஸ்டீல் போட்டேன். செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் பிசினாகும். இன்ஜின் ஆயிலை 2500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். எரியாத எண்ணெய் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கி அதைக் கெட்டியாக்குகிறது. டிப்ஸ்டிக்கை விரலில் தேய்த்தாலே தெரியும்.

பணம் மிச்சமா என்று கேட்பவர்களுக்கு: முன்பு நல்ல மிச்சம். 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ரூக்கோ திட்டம் (பொரித்துக் கழித்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்குவது) வந்தபின் பயோடீசலுக்கு எண்ணெய் வாங்க ஆள் வருகிறார்கள், கடைக்காரரும் விலை பேசப் பழகிவிட்டார்.

தீராத ஒன்று பாக்கி இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி காலையில் டேங்கிலிருந்து ஹீட்டர் டப்பா வரையுள்ள ஒரு மீட்டர் பைப் மெழுகாக அடைத்துக்கொள்கிறது. சுடுதண்ணீர் ஹோஸை அதோடு சேர்த்துக் கட்டி, சாக்குத் துணி சுற்றியிருக்கிறேன். அப்படியும் பத்து மணி வெயில் வரும்வரை டீசலில்தான் ஓட்டுகிறேன்.