திருகோணமலையில் அஸ்வெசும மேன்முறையீடு எழுதித் தரும் ஒரு கடை

அரசின் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு மறுக்கப்பட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு பாமசிக்கும் சைக்கிள் திருத்தும் கடைக்கும் நடுவில் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. போட்டோக்கொப்பி, லெமினேட்டிங், தட்டச்சு என்று மட்டும்தான் வெளியே எழுதியிருக்கும். உள்ளே ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஐயா ஒருவரும் கம்பியூட்டரில் அவருடைய மகளும் இருப்பார்கள். தன் பெயரைப் போட வேண்டாம் என்று ஐயா சொன்னதால் பெயர் எழுதவில்லை. பாமசியில் கேட்டால் காட்டுவார்கள்.

எங்கள் விஷயம் இதுதான். என் கணவருக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரைக் கண்நோய். முதலில் இரவில் தெரியாமல் போனது. ஊரில் மாலைக்கண் என்றார்கள், கீரை சாப்பிடச் சொன்னார்கள். பிறகு பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. இந்த நோயில் நடுப்பார்வை பெரும்பாலும் நீண்ட காலத்துக்கு ஓரளவு இருக்கும். அதனால் அவர் முன்னால் இருக்கிற போனில் எழுத்தை வாசிப்பார். ஆனால் பக்கத்தில் வருகிற சைக்கிள் அவருக்குத் தெரியாது. திருக்கடலூரில் பிறந்து கடலை நம்பி வாழ்ந்த மனிதர், இரவில் வலை போடப் போவதை நிறுத்த வேண்டி வந்தது. இப்போது பகல் வெளிச்சத்தில் திண்ணையில் இருந்து மற்றவர்களின் வலை தைத்துக் கொடுக்கிறார்.

கொடுப்பனவுக்குத் தகுதி இருக்கிறதா என்று கணக்கெடுக்க வந்த தம்பி காலை பத்து மணி வெயிலில் வந்தார். கணவர் எழுந்து போய்க் கதிரை எடுத்து வந்து போட்டார். இருபது வருடமாக நடக்கிற முற்றம், அங்கே அவருக்குக் கண்ணே தேவையில்லை. இடையில் போன் அடித்தது, பெயரைப் பார்த்து எடுத்தார். வந்தவர் இரண்டையும் கண்டார். இரவில் எப்படி, ரோட்டில் எப்படி என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பிறகு தகுதியில்லை என்று முடிவு வந்தது.

மேன்முறையீடு எழுத முதலில் வேறு ஒரு கடைக்குத்தான் போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு கடிதம் தயாராக இருந்தது. பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மாற்றி, ‘மிகவும் வறிய குடும்பம், கருணை கூர்ந்து’ என்று அடித்துத் தந்தார்கள். அதைக் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒரு அண்ணை இந்த ஐயாவைப் பற்றிச் சொன்னார்.

ஐயா எடுத்தவுடன் கடிதம் எழுதவில்லை. “பிள்ளை, முதல்ல அவையள் என்ன எழுதினவை எண்டு பாப்பம்” என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தின் பிரதியைக் கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டுத் தந்தார். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, விண்ணப்பத்தை ஏற்றதற்கு எழுத்தில் சான்று தர வேண்டும், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் அதே நிறுவனத்தில் இதற்கென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையிடலாம் என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். இதெல்லாம் சாதாரண சனத்துக்கு இருக்கிற உரிமை. அதுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பிரதி கையில் கிடைத்ததும் மேசையில் விரித்து, சிவப்புப் பேனாவால் மூன்று இடத்தில் கோடு போட்டார். உதவியின்றி நடமாடுகிறார். எழுத்து வாசிக்கிறார். தொழில் மீன்பிடி. “இந்த மூண்டுக்கும் பதில் சொன்னாப் போதும், வறுமையைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்” என்றார். நான் பார்த்ததில் இந்தக் கடையின் பெறுமதி முழுக்க அந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. அலுவலகத்தில் பைலைத் திறக்கிறவர் படிவத்தைத்தான் பார்ப்பார். படிவத்தில் எது பிழையோ அதை நேராகத் தொட்டு, பக்கத்தில் ஆதாரத்தை வைத்தால்தான் அவரால் முடிவை மாற்ற முடியும்.

ஆதாரம் சேர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் கிளினிக் கொப்பியில் நோயின் பெயர் மட்டும் இருந்தது. அது காணாது, பார்வைப் புலம் எத்தனை பாகை என்று எழுதி வாங்கி வாருங்கள் என்று ஐயா திருப்பி அனுப்பினார். நல்ல கண்ணுள்ள ஒருவருக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறத்தாழ 180 பாகை தெரியும். இவருக்கு நடுப்புள்ளியிலிருந்து 10 பாகைக்குள்தான். அந்த அளவுக்குச் சுருங்கினால், நடுவில் எழுத்து தெரிந்தாலும் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தலில் அது பார்வையின்மைக்குள்தான் வரும். கண் டொக்டர் இதைத் தன் கடிதத்தில் எழுதித் தந்தார். போன் வாசித்ததை வைத்துப் போட்ட குறிப்புக்கு அதுவே பதில்.

தொழில் என்ற இடத்துக்கு, கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று சங்கத்திலிருந்து ஒரு கடிதம். நடமாட்டத்துக்கு நடந்த சம்பவங்களையே கேட்டார். எந்த இடம், என்ன நேரம், யார் கண்டது என்று. கோட்டைப் பக்கம் பின்னேரம் இருட்டுகிற நேரத்தில் ரோட்டோரம் படுத்திருந்த மானில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியதை நான் சொன்னேன். நம் ஊரில் மான் ரோட்டில் படுப்பது எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் கண்ணிலும் படும். இவருக்குப் படவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தந்த துண்டு வீட்டில் கிடந்தது, அதையும் இணைத்தார்.

கடிதம் ஒன்றரைப் பக்கம். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தைத் தலைப்பில் குறிப்பிட்டு, மூன்று பிழைக்கும் மூன்று பந்தி. முடிவில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பது. ஒருவர் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே பார்த்துக்கொள்ள இயலாமல் இருந்தால் அவர் வலுவிழந்தவர் என்று அதில் இருக்கிறது. ‘பகுதியாகவோ’ என்பதற்குக் கீழே ஐயா கோடு போட்டார். வீட்டுக்குள் நடக்கிறார் என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிட முடியாது என்பதற்கு அதைவிட வேறு பதில் தேவையில்லை. மறுபடி பார்க்க வரும்போது பொழுது சாய்ந்த பிறகு வரும்படியும் கேட்டு எழுதினார். இது எனக்குத் தோன்றியே இருக்காது.

இந்தத் தடவை வேறொருவர் வந்தார், ஆறரை மணிக்கு. கேற்றிலிருந்து ரோட்டுக்கு நடந்து காட்டச் சொன்னார். கணவர் கானோரம் வரை போய்க் காலால் தடவித் தடவி நின்றார். வந்த அக்கா போதும் அண்ணை என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். கொடுப்பனவு கிடைத்தது. 2025 ஏப்ரலில் 7,500 இலிருந்து 10,000 ரூபாயாகக் கூட்டிய அதே மாதாந்தத் தொகை. வீட்டுச் செலவு முழுவதற்கும் அது போதாதுதான். ஆனால் கிளினிக் போகிற ஆட்டோக் காசுக்கு நான் இனி ஒருவரிடமும் கை நீட்டுவதில்லை.

செலவு: கடிதத்துக்கு 500 ரூபாய், கொப்பிக்குத் தனியாக. தகவல் விண்ணப்பத்துக்குக் காசு வாங்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரு பிரதியை நமக்கு பைலில் போட்டுத் தருகிறார்கள், கொடுத்த இடத்தில் திகதி முத்திரை வாங்கிவரச் சொல்கிறார்கள். தமிழிலேயே எழுதலாம், வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ்தான் என்று ஐயா உறுதியாகச் சொல்வார். பதிலே வராவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம், அதற்குக் காசு இல்லை என்றும் சொன்னார். எங்களுக்கு அந்தளவுக்குப் போகவில்லை.

குறைகளும் உண்டு. வாசலில் இரண்டு உயரமான படி, பிடிக்கக் கம்பி இல்லை. மாற்றுத்திறனாளிகள் இவ்வளவு பேர் வருகிற கடையில் இது சரியில்லை. பாரிசவாதம் வந்த ஒரு அம்மாவை மகன் தூக்கித்தான் ஏற்றினார். மகளிடம் சொன்னேன், கட்டிட உரிமையாளர் விடமாட்டார் என்றார். அப்படியானால் ஒரு பலகையையாவது சரித்துப் போடலாம். பற்றுச்சீட்டு கேட்டால்தான் தருகிறார்கள். மத்தியானம் ஒரு மணிக்குப் பூட்டினால் மூன்றுக்கு முன்னர் திறப்பதில்லை, தூரத்திலிருந்து வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். அவசரமாகக் கடிதம் வேண்டும் என்றால் ஐயா சரிவரமாட்டார். கேள்விமேல் கேள்வி கேட்பார், இரண்டாம் தரமும் வரச் சொல்வார். சிலர் கோபித்துக்கொண்டு போவதையும் கண்டேன்.

போகும்போது மறுப்புக் கடிதம், கிளினிக் கொப்பி, அடையாள அட்டைப் பிரதி, ஜீ.எஸ். (கிராம அலுவலர்) உறுதிப்படுத்திய கடிதம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். முடிந்தால் பாதிக்கப்பட்டவரையும் கூட்டிப்போங்கள். ஐயா அவரிடம்தான் கேட்பார், கூட வந்தவரிடம் இல்லை.

பிழையான மதிப்பீட்டால் தவறிப்போன மாதங்களுக்கான நிலுவை பற்றி இன்னும் ஒரு பதிலும் வரவில்லை. அந்தக் கடிதத்தையும் ஐயாவிடமே எழுதக் கொடுத்திருக்கிறேன்.