பாம்பின் கண்ணோரம் பார்க்க ஒரு லென்ஸ்

நான் வளர்க்கும் பால் பைதான் (ball python என்ற சிறிய வகை மலைப்பாம்பு) இரண்டு நாளாகத் தண்ணீர்த் தொட்டியிலேயே சுருண்டு கிடந்தது. மைட் (பாம்பின் இரத்தத்தை உறிஞ்சும் சிற்றுண்ணி) தொல்லையாக இருக்குமோ என்று விளக்கு வைத்த 10 மடங்கு கைலென்ஸை எடுத்தேன். 1 மில்லிமீட்டர் அளவுள்ள உண்ணி, வெறுங்கண்ணுக்குக் கறுப்புத் தூசிதான். லென்ஸிலோ, கண்ணைச் சுற்றிய செதில் விளிம்புக்கடியில் மூன்று, கால்களை அசைத்தபடி செருகிக்கொண்டிருந்தன. பாவம், எப்படி அரித்திருக்கும்! அப்புறம் தாடையடிப் பள்ளம், கழிவாய் ஓரம், அங்கேயும் இருந்தன. ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தபோது துணியில் புள்ளிகள் ஊர்ந்தன.

குறை ஒன்று: தெளிவாகத் தெரிய மிகவும் கிட்டப் பிடிக்க வேண்டும். பாம்பு தலையை லேசாகத் திருப்பினாலும் காட்சி கலங்கிவிடும். பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். விளக்கைப் பாம்பின் கண்ணுக்கு நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். செதில் இடுக்குகள் நன்றாகத் தெரியும்.