எப்போதாவது ஓடும் இங்க்ஜெட் பிரிண்டர்: சரிசெய்வதா, மாற்றுவதா?

எங்கள் வீட்டு பிரிண்டர் இங்க் டேங்க் வகை, அதாவது பாட்டிலிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் இங்க்ஜெட். பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் உண்டு. 2020-ல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது பையனின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. அப்போது பாடத்தாள், வீட்டுப்பாடம் என்று தினமும் ஓடியது. ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. பள்ளி திறந்த பிறகுதான் வம்பு ஆரம்பித்தது. இப்போது மாதத்துக்குப் பத்துப் பக்கம் எடுத்தாலே அதிகம். வில்லங்கச் சான்று, பட்டா நகல், ரயில் டிக்கெட், எப்போதாவது புராஜெக்டுக்கு ஒரு கலர் படம். சில சமயம் இரண்டு மாதம் தொடாமலே கிடக்கும்.

உழைப்பைவிடச் சும்மா இருப்பதுதான் இந்த இயந்திரத்துக்கு ஆகாது. மையில் பெரும்பகுதி தண்ணீர். அதைத் தாளில் தெளிக்கும் ஹெட்டின் துளைகளோ தலைமுடியைவிட மெல்லியவை. வேலை முடிந்ததும் ஹெட் ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்காரும். அந்த மூடிதான் துளைகளைக் காயாமல் காப்பது. ஆனால் வாரக்கணக்கில் கிடந்தால் அதையும் மீறி ஈரம் போய்விடும், அதுவும் மதுரை மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம். பல மாடல்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, அதாவது நீரில் கரையாத நிறத்துகள் மிதப்பது. கலர் மூன்றும் கரைந்த சாயம். கலர் அடைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். கறுப்பு அடைத்தால் பிடிவாதம் அதிகம்.

முதல் தடவை மஞ்சள் போயிற்று. டேங்கில் மை பாதிக்கு மேல் நிற்கிறது, தாளில் மட்டும் வரவில்லை. நாசில் செக், அதாவது எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று காட்டும் சோதனைப் பக்கம், எடுத்துப் பார்த்தால் மஞ்சள் கட்டம் காலி, சிவப்பில் அங்கங்கே கோடு விட்டிருந்தது. மெனுவில் இருக்கும் ஹெட் கிளீனிங்கை ஓட்டினோம். கொஞ்சம் தெளிந்தது, அப்புறம் நின்றுவிட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹெட் கிளீனிங் என்றால் துடைத்துவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே ஒரு சின்ன பம்ப் மையை ஹெட் வழியாக உறிஞ்சி எடுப்பதுதான் முக்கிய வேலை. உறிஞ்சிய மை அடியில் இருக்கும் பஞ்சு மெத்தைக்குப் போகிறது. அது எவ்வளவு குடித்திருக்கும் என்று இயந்திரம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கணக்கு நிறைந்தால் பிரிண்டர் வேலைநிறுத்தம்தான். புது மாடல்கள் சிலவற்றில் அந்தப் பஞ்சு இருக்கும் பெட்டியை நாமே மாற்றலாம், பழையவற்றைக் கடைக்குத் தூக்க வேண்டும். அதனால் ஓரிரு தடவைக்குமேல் தொடர்ந்து கிளீனிங் ஓட்டாமல், அணைத்துவிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பார்ப்பது நல்லது. ஊறிக் கிடந்து தானாகவே திறந்துகொள்வதும் உண்டு. எங்களுக்குத் திறக்கவில்லை.

தெருமுனைக் கடை மெக்கானிக்கை வரச் சொன்னோம். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “சார், எதுல ஆஃப் பண்றீங்க? பிரிண்டர் பட்டனா, சுவத்து சுவிட்சா?” நம் வீடுகளில் கரண்ட் மிச்சம் என்று சுவிட்சைத் தட்டிவிடுவதுதானே வழக்கம். பிரிண்டரின் பட்டனை அழுத்தினால் ஹெட் தன் மூடிக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் அணையும். பாதி வேலையில் சுவிட்சைத் தட்டினாலோ கரண்ட் போனாலோ ஹெட் நடுவழியில் வாய் திறந்தபடி நின்றுவிடும். கரண்ட் வந்ததும் ஒருமுறை ஆன் செய்து, பட்டனில் அணைப்பதுதான் இதற்கு மருந்து. அவர் சிரிஞ்சும் கிளீனிங் திரவமும் வைத்து மெதுவாக அடைப்பை எடுத்தார். இதைச் செய்ய ஆன்லைனில் நிறைய வீடியோ இருக்கிறது. செய்யத் துணிந்தவர்கள் போர் தண்ணீரை மட்டும் கிட்டே கொண்டுவர வேண்டாம். அதிலுள்ள உப்பு காய்ந்தால் அடைப்பு இன்னும் மோசமாகும். சிரிஞ்சை வேகமாக அழுத்தினாலும் ஹெட் போய்விடும்.

அறுநூறு ரூபாயில் வேலை முடிந்தது. “வாரத்துக்கு ஒரு கலர் பக்கம் எடுத்துருங்க சார், நாலு கலரும் இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல ஆலோசனைதான். ஆனால் அச்சடிக்க வேலையே இல்லாத வீட்டில் பிரிண்டருக்காக அச்சடிப்பது எத்தனை வாரம் நடக்கும்? பொங்கல் வரை நடந்தது.

அடுத்த கோடையில் கறுப்பு போனது. இந்தத் தடவை சிரிஞ்சுக்கு மசியவில்லை. ஹெட்டையே மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை புது மெஷின் விலையில் கிட்டத்தட்டப் பாதி.

சரிசெய்வதா, மாற்றுவதா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஹெட் எங்கே இருக்கிறது என்பதைத்தான். எச்பி, கேனான் நிறுவனங்களின் சின்ன கார்ட்ரிட்ஜ் மாடல்களில் ஹெட், மை அடைத்த கழற்றி மாட்டும் டப்பாவான கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வருகிறது. அடைத்துப்போனால் புது கார்ட்ரிட்ஜ் போட்டால் போதும், புது ஹெட்டும் வந்துவிட்டது. பக்கத்துக்கு ஆகும் செலவு அதிகம் என்று அவற்றை எல்லோரும் ஒதுக்குகிறோம். எப்போதாவது எடுப்பவருக்கு அந்த ஏற்பாடுதான் சௌகரியம். டேங்க் மாடல்கள் பலவற்றில் ஹெட் மெஷினோடு பொருத்தப்பட்டது, கழற்றி மாட்டக் கூலியும் சேரும். பக்கத்துக்குப் பைசாக்கணக்கில் ஆகிறது என்ற விளம்பரம் நிறைய எடுப்பவருக்குத்தான் பொருந்தும்.

அடுத்தது பக்கக் கணக்கு. மாதம் 10 பக்கம் என்றால் வருடத்துக்கு 120. எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளைக்குப் பக்கம் 3 ரூபாய், ஆக 360 ரூபாய். ஒரு தடவை மெக்கானிக் வந்துபோகும் செலவே அதைத் தாண்டிவிடுகிறது! பணத்தை மட்டும் பார்த்தால் வீட்டில் பிரிண்டரே வேண்டாம். எனக்குத் தடையாக இருந்தது வேறு. கடையில் பிரிண்ட் எடுக்க வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அந்தக் கணினித் திரையில் ஊர்க்காரர்களின் ஆதார், பான், பாஸ்புக் எல்லாம் வரிசையாகக் கிடக்கின்றன, அழிப்பார் யாருமில்லை. கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரவிறக்கிக் கொடுக்கலாம் என்பது உண்மைதான். பத்திர நகலை என்ன செய்வது?

ஹெட் மாற்றியிருந்தாலும் என் பழக்கம் மாறப்போவதில்லை, அடுத்த வெயிலில் அதே கதைதான். புது இங்க் டேங்க் வாங்கினாலும் அப்படியே. எனவே கறுப்பு வெள்ளை லேசர் ஒன்று வாங்கினோம். இதில் மைக்குப் பதில் டோனர், அது காய்ந்த தூள். இரண்டு மாதம் கழித்து எடுத்தாலும் முதல் பக்கமே பளிச்சென்று வருகிறது. வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, அடைப்பு என்ற பேச்சே இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். தூளைத் தாளில் உருக்கி ஒட்ட ரோலர் நன்றாகச் சூடாக வேண்டும், அதற்குக் கரண்ட் சட்டென்று இழுக்கும். கரண்ட் இல்லாதபோது சின்ன இன்வெர்ட்டரை நம்பி இதை ஓட்ட முடியாது, கணினியின் யுபிஎஸ்ஸிலும் மாட்டக் கூடாது. இங்க்ஜெட் அந்த விஷயத்தில் சாது. இங்க்ஜெட்டுக்கென்று விற்கும் பளபளப்பான போட்டோ தாளை லேசரில் விடவே கூடாது, பூச்சு உருகி ரோலரில் ஒட்டிக்கொள்ளும். கலர் கிடையாது, புராஜெக்ட் படத்துக்கு இன்னும் கடைக்குத்தான் போகிறோம். படத்தை யார் பார்த்தால் என்ன.

வீட்டில் கலர் படம் தினமும் எடுப்பவர்கள், டியூஷன் நடத்துபவர்கள் என்றால் நான் ஹெட்டை மாற்றத்தான் சொல்வேன். அவர்கள் கையில் அது அடைக்கவே வாய்ப்புக் குறைவு.

பழைய மெஷினை இன்னும் தூக்கிப் போடவில்லை, ஸ்கேனராக ஓடுகிறது. மை தொடர்பான பிழை வந்தால் ஸ்கேனையும் மறுக்கும் மாடல்கள் உண்டு. வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கும் முன் அதைச் சோதித்துவிடுங்கள். இடம் மாற்றும்போது சாய்க்காதீர்கள், டேங்கில் இருக்கும் மை வழிந்து தரையெல்லாம் நீலமாகிவிடும். ஸ்கேனும் நின்றுபோனால் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளில் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் அடங்கும், மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள்.