"எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்" என்று கடிவாளம் விற்க வந்தால் வாங்காதீர்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு இந்த ஆடியில் குதிரை வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். குதிரை விஷயத்தில் நான் ஏமாறவில்லை. என் செவலை நல்ல குதிரை, மார்வாரி இனக் கலப்பு, ஆறு வயதுப் பெட்டை. நான் ஏமாந்தது அவள் தலையில் மாட்டிய சாமானில்.

போன வருடம் சந்தையிலிருந்து பழைய கயிற்று லகானோடுதான் வந்தாள். புதிதாக ஒன்று வேண்டும் என்று விசாரித்தபோது, ஒருவர் வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுப்பார் என்றார்கள். வந்தார். "கான்பூர் தோலுங்ண்ணா. பிட்டு சுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்" என்றார். 4,800 ரூபாய். பிட் என்றால் குதிரையின் வாய்க்குள் குறுக்கே போகும் இரும்பு. செவலையின் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். செருப்புக் கடைக்காரர்கூடக் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் டப்பாவை எடுக்கிறார்.

மாட்டினார். பிட் வாயில் தொளதொளவென்று தொங்கியது. உடனே பிட்டைத் தாங்கும் கன்னவாரை இரண்டு துளை மேலே ஏற்றினார். வாயோரத்தில் நாலு மடிப்பு விழுந்தது. "மடிப்பு விழுந்தாத்தானுங்ண்ணா பிடி கிடைக்கும்" என்றார். ஒன்று, ரெண்டு மடிப்பு பரவாயில்லை என்பதும், நாலு விழுந்தால் அந்த இரும்பு நாள் முழுக்க வாயைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பில் கேட்டேன். அடுத்த முறை தருகிறேன் என்றார்.

பத்து நாளில் செவலை தலையை ஆட்ட ஆரம்பித்தாள். வாயைத் திறந்து நாக்கை ஒரு பக்கமாக வெளியே விடுவாள். கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே கழுத்தை வானத்துக்குத் தூக்கிக்கொள்வாள். போன் செய்தேன். "மூக்குவாரை இறுக்கிக் கட்டுங்க, வாயைத் திறக்காது" என்றார். நானும் இறுக்கினேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வலிக்கிறது என்று சொன்னவளின் வாயைக் கட்டியிருக்கிறேன்.

அப்படியும் அடங்கவில்லை என்றதும் ஆள் நேரில் வந்தார், கையில் வேறொரு பிட்டோடு. 1,500 ரூபாயாம். "இதைப் போட்டா பூனை மாதிரி நிக்குமுங்க." வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன முள். அதைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளிலேயே முள் வைத்த கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது. சந்தைப் பக்கம் யாராவது அதை நீட்டினால் பேரம் பேசாதீர்கள், நகர்ந்துவிடுங்கள்.

மறுநாள் கால்நடை மருத்துவரை வரவழைத்தேன். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஈறு இருக்கிறது அல்லவா, பிட் உட்கார வேண்டிய இடம் அதுதான். உதட்டை விலக்கி அங்கே காட்டினார். இடது வாயோரத்தில் தோல் பிய்ந்து வெள்ளையாக இருந்தது. மேல்தாடையில், முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், பட்டாணி அளவுக்கு ஒரு குட்டிப் பல். ஓநாய்ப் பல் என்றார். எல்லாக் குதிரைக்கும் இருக்காதாம். கன்னவாரை ஏற்றி ஏற்றிக் கட்டியதில் இரும்பு நேரே போய் அதில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. விற்றவர் ஒரு நிமிடம் விரலை விட்டுப் பார்த்திருந்தால் தட்டுப்பட்டிருக்கும்.

அளவு எடுக்கவும் மருத்துவரே சொல்லிக்கொடுத்தார். ஒரு கயிற்றை வாயில், பிட் உட்காரும் இடத்தில் குறுக்கே விட்டு, இரண்டு உதட்டோரத்திலும் முடிச்சுப் போட வேண்டும். செவலைக்கு நாலே முக்கால் அங்குலம் வந்தது. பக்கத்துக்குக் கால் அங்குலம் வரை இடம் விடலாம் என்பதால் 5 அங்குலப் பிட் போதும். என்னிடம் விற்றதில் 5 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரை நம்பி நான் டேப் வைக்கவில்லை. வைத்துப் பார்த்தால், இரண்டு வளையத்துக்கும் நடுவே ஐந்தரை! நடுவில் ஒரே மூட்டு உள்ள பிட் அது. அகலம் கூடிப்போனால் லகானை இழுக்கும்போது பாக்குவெட்டி மாதிரி மடங்கும், மூட்டு மேலண்ணத்தில் குத்தும். அகலத்தை மறைக்கத்தான் கன்னவாரை அவ்வளவு ஏற்றியிருக்கிறார். ஸ்டீல் சங்கதியும் பொய். இரண்டு மாதத்தில் மூட்டுப் பக்கம் பூச்சு உரிந்து துரு தெரிந்தது, உரிந்த விளிம்பு பிளேடு மாதிரி.

தோல் வாருக்கும் இதே கதைதான். நெற்றிவார் குட்டை. அது, காதுக்குப் பின்னால் போகும் தலைவாரை முன்னால் இழுத்துக் காதடியில் அழுத்தியது. மார்வாரிக்குக் காது உள்பக்கம் வளைந்து நுனி ஒன்றையொன்று தொடும். அந்தக் காதடியில் ரெண்டு பக்கமும் முடி போய்த் தோல் தெரிந்தது. நீங்கள் வாங்கும்போது நெற்றிவாருக்குள் விரல் தாராளமாகப் போகிறதா பாருங்கள். மூக்குவாரில் மூக்கெலும்பின் மேலேயே இரண்டு விரல் நுழைய வேண்டும். பக்கவாட்டில் விட்டுக் காட்டி ஏமாற்றுவார்கள், அங்கே எப்போதும் இடம் இருக்கும். தொண்டைவாரில் நாலு விரலைச் செங்குத்தாக வைத்தாலும் இடிக்கக் கூடாது.

பணம் திரும்ப வரவில்லை. "போட்டுப் பழகின சாமானை எப்படிங்ண்ணா எடுக்கறது?" என்றார். பில் இல்லாததால் அதற்கு மேல் நானும் பேச முடியவில்லை. பல்லைப் பிடுங்கி, புண் ஆறும்வரை வெறும் தலைக்கயிற்றோடு விட்டிருந்தேன். இப்போது நடுவில் இரண்டு மூட்டு உள்ள 5 அங்குலப் பிட் போட்டிருக்கிறேன், தலை ஆட்டம் நின்றுவிட்டது. கடிவாளத்தை நீட்டினால் வாயை அவளே திறந்துவிடுகிறாள். இடது காதை மட்டும் இன்னும் தொட விடுவதில்லை. அந்தப் பக்க வாரைக் கழற்றி, கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்துதான் மாட்டுகிறேன்.