களுதாவளை ரோட்டோர மரக்கறிக் கொட்டில்: வெண்டிக்காய்க்காகவே வண்டியை நிறுத்துகிறேன்

மட்டக்களப்புக் கல்லடியில் வீடு, தெற்கே கல்முனையில் வேலை, தினமும் மோட்டார் சைக்கிள். இந்தப் பாதையில் களுதாவளையைக் கடக்கும்போது பிரதான வீதியோரம் கிடுகு வேய்ந்த ஒரு சின்னக் கொட்டில் வரும். ஒரு அக்காவும் அவருடைய மகனும் பின்னாலுள்ள மணல் தோட்டத்தில் விடியக் காலை பறித்ததை வாங்கில் பரப்பி விற்கிறார்கள். கத்தரி, பயற்றங்காய், கீரை எல்லாம் உண்டு. நான் எழுத வந்தது வெண்டிக்காயைப் பற்றி.

முன்பு டவுனில் ஒரு கடையில்தான் வாங்குவேன். பார்க்கப் பச்சையாக, தண்ணீர் தெளித்துப் பளபளவென்று இருக்கும், வீட்டில் வந்து வெட்டினால் கத்தி இறங்காது, சொப்பிங் பைக்குள் அடியில் கிடந்தது வழுவழுத்துக் கறுத்திருக்கும், பாதி குப்பைக்குப் போகும். அப்பா ஒரு வாய் சப்பிவிட்டுச் சக்கையைக் கோப்பை ஓரத்தில் வைத்துவிடுவார். இங்கே முதல் நாளே அந்த அக்கா சொன்னது, "நுனியை முறிச்சுப் பாருங்க தம்பி, டக்கெண்டு முறியாட்டி எடுக்காதீங்க." விற்கிறவரே அப்படிச் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

முற்றிய காயில் நார் கூட, ஆகவே வயிற்றுக்கு நல்லது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் நினைத்தேன். அந்த மரநாரைச் சப்பித் துப்பத்தான் முடியும். பூத்து ஐந்தாறு நாளில் பறித்தால்தான் வெண்டி பிஞ்சு, இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டால் கட்டையாகிவிடும். அதனால் இவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறார்கள். நமக்கு வேண்டியது அந்த வழுவழுப்பு. அது கரையும் நார்ப்பொருள், குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு மலத்தை இளக்குகிறது. பித்தநீரில் கொஞ்சத்தையும் பிடித்து வெளியே கொண்டுபோகும், ஈரல் புதுப் பித்தம் செய்யக் கொலஸ்ட்ரோலை எடுத்தாக வேண்டும், கொலஸ்ட்ரோலுக்கு வெண்டி நல்லது என்பது இந்த வழியில்தான். சீனி இரத்தத்தில் ஏறும் வேகத்தையும் அது மட்டுப்படுத்தும்.

என் கதை இது. நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற வேலை, பகலில் சோற்றுப் பார்சல், இரவில் கொத்து, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வயிறு போகும், அதுவும் பாடுபட்டு. நாலு மாதமாக வாரத்தில் மூன்று நாள் வெண்டிக்காய், மறுகா தண்ணீரும் கூடக் குடிக்கிறேன், இப்போது அந்தத் தொல்லை இல்லை. முழுப் பெயரையும் வெண்டிக்காய்க்கே கொடுக்க மாட்டேன், ஆனால் பெரும் பங்கு அதற்குத்தான். 100 கிராம் பச்சைக் காயில் 33 கலோரிதான், நார்ச்சத்து 3 கிராமுக்குச் சற்று மேலே, விற்றமின் சி சுமார் 23 மில்லிகிராம், மக்னீசியம் 57 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு வேண்டிய ஃபோலேட்டும் 60 மைக்ரோகிராம் அளவில் இருக்கிறது. அதிகம் அவித்தால் விற்றமின் சி போய்விடும்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். ஃபோனில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வெண்டிக்காயை இரவு ஊறப்போட்டுக் காலையில் அந்தத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கினார், குளிசையையும் விடப் பார்த்தார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. 2011இல் பங்களாதேஷ் ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தபோது, வெண்டிக்காயின் அந்த நீர்ச்சாறு, சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற மெற்போமின் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்தது. மனிதருக்கும் அப்படியே என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆனாலும் மருந்தோடு சேர்த்துக் குடிக்கலாமா என்று டொக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். அப்பா இப்போது கறியாகத்தான் சாப்பிடுகிறார், குளிசையும் தொடர்கிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதிலுள்ள, கல் உண்டாகக் காரணமாகக்கூடிய ஒக்சலேற்றையும், இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குளிசை எடுப்பவர்கள் அதன் வேலையைக் குறைக்கக்கூடிய விற்றமின் கே-யையும் மனதில் வையுங்கள். சிலருக்கு வயிறு ஊதும், அவர்கள் கொஞ்சமாகத் தொடங்கலாம்.

மருந்து அடிக்கிறீர்களா என்று மகனிடம் கேட்டேன். வெள்ளை ஈ வந்தால் அடிப்போம், அடித்தால் அந்த நாட்களில் விற்பனைக்குப் பறிக்க மாட்டோம் என்றார். ஒளிக்காமல் சொன்னது பிடித்திருந்தது. எப்படியும் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வெட்டுங்கள், ஈரத்தோடு வெட்டினால் பிசுபிசுத்துவிடும். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால் ருசிதான், ஆனால் எண்ணெயும் கூடவே வயிற்றுக்குள் போகும். எங்கள் வீட்டில் பால்கறி: வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை வெந்தயம், கப்பிப்பாலில் நாலைந்து நிமிடம், தலைப்பால் விட்டு இறக்கித் தேசிக்காய்ப் புளி. சிவப்பரிசிச் சோற்றோடு அப்பா இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்கிறார், சக்கை மிஞ்சுவதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். நிழல் போதாது, பத்து மணிக்கு மேல் வெயில் நேராக வாங்கில் விழுந்து மிச்சக் காய் வாடிவிடும். காசு மட்டும்தான், மாற்றிய சில்லறையோடு போங்கள். மாரியில் தோட்டத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் வெண்டி அழுகிவிடும், அப்போது வாரக்கணக்கில் கிடைக்காது. போன வாரம் அரைக் கிலோ 160 ரூபாய், டவுனை விட இருபது ரூபாய் கூடத்தான், ஆனால் எறிவதற்கு ஒன்றும் இல்லை.

மட்டக்களப்பிலிருந்து போகிறவர்கள் ஏழு மணிக்கு முன்னே போனால் பிஞ்சாகப் பொறுக்கலாம். நான் காலையில் சொல்லிவிட்டுப் போவேன், அக்கா பேப்பரில் சுற்றி நிழலில் எடுத்து வைப்பார், பின்னேரம் திரும்பும்போது வாங்கிக்கொள்வேன்.